எலிசபெத் ஃபார்ம் வீட்டுக்கு நண்பர்களோடு ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிட்னியின் மேற்கே, பரமட்டாவை ஒட்டிய ரோஸ்ஹில்லில் ஒரு பழைய வீடு இருக்கிறது. பெயர் எலிசபெத் ஃபார்ம். 1793-இல் கட்டத் தொடங்கியது. வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் என்று சுற்றுவட்டாரம் முழுக்கத் தமிழர்கள் குடியிருக்கிறோம். ஹாரிஸ் பார்க்குக்கு மளிகை வாங்கவும் சாப்பிடவும் போகாத வாரமே கிடையாது. ஆனால் அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் இந்த வீட்டைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் அவர்கள் கேட்கும் கேள்விகளையும், என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்த வீட்டில் அப்படி என்ன இருக்கிறது?

ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர்கள் கட்டியதில் இன்றும் நிற்கிற மிகப் பழைய வீடு இது. இப்போது கண்ணுக்குத் தெரியும் உருவம் 1820-களில் விரிவாக்கியபோது வந்தது. ஆனால் அதன் நடுவே 1793-இன் செங்கல் சுவர்கள் அப்படியே இருக்கின்றன.

மாளிகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மாடி கிடையாது. கட்டிய ஜான் மெக்கார்தர் 1794-இல் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் அளவு சொல்லியிருக்கிறார்: முகப்பு 68 அடி, அகலம் 18 அடி, நான்கு அறை, ஒரு கூடம், ஒரு நிலவறை, பக்கத்தில் தனியாகச் சமையல்கட்டு. பின்னால் வந்த விரிவாக்கத்தில்தான் அகலமான தாழ்வாரமும், ஒல்லியான மரத்தூண்களும், தரையைத் தொடும் கண்ணாடிக் கதவுகளும் சேர்ந்தன. கூரை தாழ்ந்து இறங்கி வந்து தாழ்வாரத்தை மூடிக்கொள்ளும். அதன் நிழலில் உட்கார்ந்தால் நம் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். வெயிலுக்குப் பயந்து கட்டிய வீடு என்று உடனே புரிந்துவிடும்.

எலிசபெத் யார்? வீட்டுக்கு அவர் பெயர் ஏன்?

ஜான் மெக்கார்தரின் மனைவி. மனைவி பெயரைப் பண்ணைக்கு வைத்தது ஜான். ஆனால் அந்தப் பெயருக்கு உரிய உழைப்பைக் கொடுத்தவர் எலிசபெத். நான் நண்பர்களை இங்கே அழைத்துப் போவதற்கு முதல் காரணமே இவர்தான்.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிரிட்ஜ்ரூல் என்ற சிற்றூரில் 1766-இல் பிறந்தவர். ராணுவ அதிகாரியான கணவரோடும் கைக்குழந்தையோடும் 1790-இல், இங்கிலாந்து கைதிகளை ஏற்றி அனுப்பிய இரண்டாம் கப்பல் தொகுதியில் வந்து இறங்கினார். அந்தப் பயணம் மிகக் கொடுமையானது. கப்பல்களில் ஏற்றிய கைதிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வழியிலேயே இறந்துபோனார்கள். எலிசபெத்துக்கும் கடலில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்து இறந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று.

வந்த இடத்தில் பேச்சுத்துணைக்குக்கூட அதிகம் ஆள் இல்லை. சும்மா இருக்காமல் வில்லியம் டாஸ் என்ற அதிகாரியிடம் வானியல் படிக்க முயன்று, அது கைகூடாமல் தாவரவியலுக்கு மாறினார். ஜார்ஜ் வோர்கன் என்ற கப்பல் மருத்துவர் முதல் கப்பல் தொகுதியில் கொண்டுவந்த பியானோவை ஊர் திரும்பும்போது எலிசபெத்திடம் விட்டுச் சென்றார். இந்தக் கண்டத்துக்கு வந்த முதல் பியானோ அது.

கணவர் 1801-இல் தன் மேலதிகாரி பேட்டர்சனோடு துப்பாக்கிச் சண்டை போட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார், 1805-இல்தான் திரும்பினார். 1808 ஜனவரி 26 அன்று ஆளுநர் ப்ளையைப் பதவியிலிருந்து இறக்கிய கலகத்தில் அவருக்கு முக்கியப் பங்கு. அதன் விளைவாக 1809-இல் போனவர் 1817 வரை திரும்ப முடியவில்லை. இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள். அந்தக் காலம் முழுக்க ஆடுகள், நிலம், கணக்கு, கூலியாள்கள், பிள்ளைகள் எல்லாம் எலிசபெத்தின் பொறுப்பு. ஆஸ்திரேலியக் கம்பளித் தொழிலுக்கு அடித்தளமான மெரினோ ஆட்டு மந்தையைப் பெருக்கிக் காத்தவர் அவர். வேளாண்மையை அவர் மேம்படுத்தியதைப் பாராட்டி ஆளுநர் மக்குவாரி 600 ஏக்கர் நிலமும் கொடுத்தார்.

ஆனால் 1966 முதல் 1988 வரை புழங்கிய இரண்டு டாலர் நோட்டில் மெரினோ ஆட்டோடு இருந்த முகம் ஜானுடையது. இதைச் சொன்னவுடன் எங்கள் கூட்டத்துப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கோபம் வரும். வரட்டும், நியாயமான கோபம்தான். கேம்டன் பக்கம் அரசின் வேளாண் ஆய்வு நிலையம் ஒன்று இன்று எலிசபெத் பெயரில் இயங்குகிறது என்பது கொஞ்சம் ஆறுதல்.

கணவரோடு கடைசிவரை நன்றாக இருந்தாரா?

இல்லை. ஜானுக்கு முதுமையில் மனநலம் கெட்டது. மனைவி மீதே சந்தேகம் வந்து, அவரையும் மகள்களையும் இந்த வீட்டை விட்டு விரட்டினார். 1832-இல் அவர் சித்தம் கலங்கியவர் என்று சட்டப்படி அறிவித்தார்கள். 1834-இல் கேம்டனில் இறந்தார். எலிசபெத் இதற்குப் பிறகும் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்து 1850-இல் மறைந்தார். இந்த வீட்டின் படுக்கையறைகளைக் கடக்கும்போது இதைத் தெரிந்துகொண்டு கடப்பது நல்லது.

பொருள்களைத் தொடலாமா? கயிறு கட்டி வைத்திருப்பார்களே?

தாராளமாகத் தொடலாம். இந்த வீட்டை மற்ற அருங்காட்சியகங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது இதுதான். கயிறு இல்லை, கண்ணாடிப் பெட்டி இல்லை. உள்ளே இருக்கும் மேசை நாற்காலிகள் எல்லாம் மெக்கார்தர் குடும்பத்தின் பொருள்களைப் பார்த்துச் செய்த நகல்கள். அதனால் சோபாவில் உட்காரலாம், சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாற்காலி இழுத்துப் போட்டு அரட்டை அடிக்கலாம், எழுதும் மேசையில் இருக்கும் கடிதங்களை எடுத்துப் படிக்கலாம்.

நண்பர்களோடு போக இதைவிடப் பொருத்தமான பழைய வீடு எனக்குத் தெரியவில்லை. மற்ற இடங்களில் வரிசையாக நடந்து, வாசலில் நின்று எட்டிப் பார்த்து, அடுத்த அறைக்குப் போவோம். இங்கே கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து விடுகிறோம். ஒருத்தர் ஒரு கடிதத்தை எடுத்து உரக்கப் படிப்பார், இன்னொருத்தர் சன்னலோரம் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்ப்பார், யாராவது ஒருத்தர் சமையல்கட்டிலிருந்து “இங்கே வந்து பாருங்க” என்று கூப்பிடுவார்.

ஒரு விஷயத்தைக் கிட்டப் போய்க் கவனியுங்கள்: சுவர். அந்தக் காலத்தில் சிட்னி வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் கிடைக்கவில்லை. கிளிஞ்சல்களைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு நமக்குப் புதிதில்லை. ஆனால் இங்கே சுட்ட கிளிஞ்சல்களில் பெரும்பகுதி, இந்தக் கரைகளில் வாழ்ந்த பூர்வகுடி மக்கள் சிப்பி தின்றுவிட்டுத் தலைமுறை தலைமுறையாகக் குவித்துவைத்த மேடுகளிலிருந்து அள்ளியது. ஆயிரக்கணக்கான ஆண்டு வரலாறு சூளைக்குப் போய்க் குடியேறிகளின் கட்டடங்களுக்குப் பூச்சாகிவிட்டது.

அப்படியானால் நிலம் யாருடையது?

டாருக் மொழி பேசும் மக்களில் ஒரு குழுவான பரமட்டகல் மக்களுடையது. பரமட்டா என்ற ஊர்ப்பெயரே அவர்களிடமிருந்து வந்ததுதான். 1793-இல் தற்காலிக ஆட்சிப் பொறுப்பில் இருந்த மேஜர் ஃபிரான்சிஸ் குரோஸ் 100 ஏக்கரை மெக்கார்தருக்கு எழுதிக் கொடுத்தார். யாரையும் கேட்கவில்லை. காட்டை அழித்து 50 ஏக்கரில் முதலில் பயிர் செய்தவர் என்பதற்காக அடுத்த ஆண்டு இன்னும் 100 ஏக்கர் கிடைத்தது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பிஜிகல் என்ற பூர்வகுடிக் குழுவின் வீரர் பெமுல்வுய் 1797 மார்ச்சில் தன் ஆட்களோடு பரமட்டாவுக்குள்ளேயே வந்து சிப்பாய்களோடு மோதினார். உடலில் ஏழு குண்டு பாய்ந்தும் பிழைத்தார். 1802-இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தலையை வெட்டி இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தார்கள்.

இதில் என்னை யோசிக்க வைக்கும் ஒரு விஷயம் உண்டு. பெமுல்வுயின் மகன் டெட்பரி, மெக்கார்தர் வீட்டுக்கு வந்துபோகிற அளவுக்குப் பழகியவர். 1808-இல் ஆளுநர் ப்ளையோடு மெக்கார்தருக்குப் பகை முற்றியபோது, ஈட்டிக்கட்டோடு வந்து ஆளுநரைக் குத்திவிட்டு வருகிறேன் என்று நின்றார். அப்பாவைக் கொன்ற கூட்டத்தில் ஒருவரோடு மகனுக்கு இருந்த அந்த உறவை நட்பு என்பதா, பிழைப்பு என்பதா, இரண்டும் கலந்ததா? நாங்கள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து இதைப் பேசாமல் ஒரு தடவையும் திரும்பியதில்லை.

காலனி ஆட்சியின் வீட்டைப் போய்ப் பார்ப்பது அவர்களைக் கொண்டாடுவது ஆகாதா?

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர் இதைக் கேட்டார். நிலம் பறிபோவது என்றால் என்னவென்று அறிந்தவர் கேட்கிற கேள்வி. என் பதில் இதுதான்: போகாமல் இருந்தால் நமக்கு ஒன்றுமே தெரியாது. நாம் வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கோயில் கட்டிக் கும்பிடுகிற இந்த மண் எப்படிக் கைமாறியது என்பதை அறிய இதைவிட நேரான இடம் கிடையாது. எலிசபெத்தின் உழைப்பை மதிக்கலாம், அவர் குடும்பம் வாழ்ந்தது பறித்த நிலத்தில் என்பதையும் அதே மூச்சில் சொல்லலாம். இரண்டுமே உண்மை. பிள்ளைகளுக்கும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறோம்.

வீட்டு வேலையெல்லாம் யார் செய்தார்கள்?

கைதிகள். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் சின்னத் திருட்டிலிருந்து அரசை எதிர்த்தது வரை எத்தனையோ குற்றங்களுக்காக நாடு கடத்தப்பட்டவர்கள். அரசு அவர்களைப் பண்ணைக்காரர்களிடம் வேலைக்குப் பிரித்துக் கொடுத்தது. சமைத்தது, துவைத்தது, மரம் வெட்டியது, ஆடு மேய்த்தது எல்லாம் அவர்கள்தான்.

கைதிகள் கிளர்ந்தெழுவார்களோ என்ற பயம் இந்த வீட்டையும் தொட்டது. 1804 மார்ச் 4 அன்று இரவு காஸில் ஹில்லில் அயர்லாந்துக் கைதிகள் ஆயுதம் ஏந்திக் கிளம்பினார்கள். ஜான் அப்போது இங்கிலாந்தில் இருந்தார். செய்தி வந்ததும் எலிசபெத் பிள்ளைகளோடு இரவோடு இரவாகப் படகில் ஏறி ஆற்று வழியே சிட்னிக்குத் தப்பினார். மறுநாளே எழுச்சியை அடக்கிவிட்டார்கள். எலிசபெத் ஃபார்முக்குத் தீ வைத்து, சிப்பாய்களை அந்தப் பக்கம் இழுத்துவிட்டு ஊருக்குள் நுழைவதுதான் திட்டம் என்று பிறகு அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

பின்கட்டையும் சமையல் பக்கத்தையும் பாதியில் விட்டுவிட்டு வராதீர்கள். வரவேற்பறையில் செலவிடுகிற நேரத்தை அங்கேயும் செலவிடுங்கள்.

இவ்வளவு பழைய வீடு இடிபடாமல் எப்படித் தப்பியது?

கிட்டத்தட்ட இடிந்தே போயிருக்கும். எலிசபெத்துக்குப் பிறகு குடும்பம் கேம்டன் பக்கம் வேரூன்றிவிட்டது. 1881-இல் எஸ்டேட் விற்பனையாகி மனைகளாகப் பிரிந்தது. பழைய பண்ணை நிலத்தின் ஒரு பகுதியில்தான் இன்று ரோஸ்ஹில் குதிரைப் பந்தயத் திடல் இருக்கிறது. பாழடைந்து நின்ற வீட்டை 1904-இல் வில்லியம் ஸ்வான் என்பவர் வாங்கினார். அவருடைய பெரிய குடும்பம், குறிப்பாக மகள்கள், 1968 வரை இங்கேயே வாழ்ந்து வீட்டைக் காப்பாற்றினார்கள். 1984-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. எலிசபெத்துக்கு அடுத்தபடியாக நாம் நன்றி சொல்ல வேண்டியது அந்த ஸ்வான் சகோதரிகளுக்குத்தான்.

தோட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

மெக்கார்தர் காலத்தது என்று சொல்லப்படும் ஆலிவ் மரம், காய்கறித் தோட்டம், மூலிகைகள், பெரிய நிழல் மரங்கள். செடி வளர்ப்பவர்கள் கூட்டத்தில் இருந்தால் அவர்களை இழுத்துக்கொண்டு வர நேரம் ஆகும்.

ஒரு நாள் முழுக்க இதற்கே தேவையா?

வீட்டுக்கும் தோட்டத்துக்கும் நிதானமாக இரண்டு மணி நேரம் போதும். மிச்ச நேரத்துக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு வீடுகள் இருக்கின்றன.

ஒன்று ஹாம்பிள்டன் காட்டேஜ். மெக்கார்தர் தன் மகள்களின் ஆசிரியை பெனலோப் லூகாஸுக்காக 1820-களில் கட்டிக் கொடுத்த சின்ன வீடு. உள்ளூர் வரலாற்றுச் சங்கம் நடத்துகிறது. சங்கத்தின் தன்னார்வலர்கள் அவசரமில்லாமல் கதை சொல்வார்கள்.

இன்னொன்று எக்ஸ்பெரிமென்ட் ஃபார்ம் காட்டேஜ். காலனியில் முதன்முதலில் நிலம் பெற்ற கைதி ஜேம்ஸ் ரூஸ். விடுதலை பெற்ற ஒருவன் தன் குடும்பத்துக்குத் தேவையானதைத் தானே விளைவித்துக்கொள்ள முடியுமா என்று பார்க்க ஆளுநர் ஃபிலிப் நடத்திய சோதனை அது. சோதனை வென்று, 30 ஏக்கர் ரூஸின் பேருக்கு வந்தது. 1793-இல் அதை அவர் 40 பவுனுக்கு ஜான் ஹாரிஸ் என்ற மருத்துவருக்கு விற்றார். ஹாரிஸ் பார்க் என்ற ஊர்ப்பெயர் இந்த ஹாரிஸிடமிருந்து வந்தது. இப்போது நிற்கும் வீடு அவர் 1830-களில் கட்டியது, பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பராமரிக்கிறது.

மூன்றையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம். பரமட்டா பூங்காவில் இருக்கும் பழைய ஆளுநர் மாளிகையும் அருமையானது. 1799-இல் கட்டத் தொடங்கியது, 2010-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அதையும் அதே நாளில் திணிக்காதீர்கள். நாலாவது வீட்டில் நுழையும்போது எல்லோருக்கும் கால் வலிதான் கண்ணுக்குத் தெரியும். அதற்கு இன்னொரு ஞாயிறு வையுங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

ஹாரிஸ் பார்க் பக்கத்திலேயே இருக்கும்போது கவலையே வேண்டாம். விக்ரம் தெரு முழுக்க நம் உணவகங்கள். தோசையிலிருந்து சாட் வரை எல்லாம் உண்டு. மதியம் ஒரு மணிக்கு மேல் வார இறுதியில் கூட்டம் அலைமோதும், அதனால் பெரிய குழுவாகப் போனால் முன்பே சொல்லி வையுங்கள். கட்டுசோறு கொண்டு போக ஆசைப்படுபவர்களுக்கு ஜேம்ஸ் ரூஸ் ரிசர்வ் பூங்கா நல்ல இடம். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் எங்கள் வழக்கம். வீட்டுக்குள் எதையும் சாப்பிடாதீர்கள்.

எப்படிப் போவது?

ரயிலில் வந்தால் ஹாரிஸ் பார்க் நிலையத்தில் இறங்கி நடக்கலாம், கால் மணி நேரம் ஆகும். 2024 டிசம்பரிலிருந்து ஓடும் பரமட்டா டிராமில் வந்தால் டிராம்வே அவென்யூ நிறுத்தம் இன்னும் பக்கம். வீடு இருப்பது ஆலிஸ் தெரு. காரில் வந்தால் சுற்றியுள்ள குடியிருப்புத் தெருக்களில்தான் நிறுத்த வேண்டும், குதிரைப் பந்தய நாளில் இடம் கிடைப்பது கடினம். மூன்று வீடுகளும் வாரம் முழுக்கத் திறந்திருப்பதில்லை. திறக்கும் நாளும் நேரமும் ஒன்றுக்கொன்று வேறுபடும். அதனால் கிளம்பும் வாரத்தில் மூன்றின் இணையதளத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவை அழைத்துப் போகலாமா?

கட்டாயம் அழைத்துப் போங்கள். ஓபரா ஹவுஸ், பாலம், கடற்கரை எல்லாம் முதல் வாரத்திலேயே முடிந்துவிடும், அப்புறம் அவர்களுக்கு வீட்டில் பொழுது போகாது. இது தரைத்தள வீடு, ஏற மாடி இல்லை, களைத்தால் எந்த அறையிலும் உட்காரலாம். பெரியவர்கள் சமையல்கட்டைப் பார்த்தவுடன் பேச ஆரம்பித்துவிடுவார்கள். விறகடுப்பு, செப்புப் பாத்திரம், அம்மியில்லாமல் எப்படி அரைத்திருப்பார்கள் என்று. பேரப்பிள்ளைகளுக்குத் தங்கள் ஊர் வீட்டைப் பற்றிச் சொல்ல அவர்களுக்கு இப்படி ஒரு இடம் கிடைப்பது அபூர்வம்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல், மே, அல்லது ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. பரமட்டா பக்கம் சனவரி வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். தாழ்வாரத்து நிழல் இதமாக இருந்தாலும் மற்ற இரண்டு வீடுகளுக்கும் நடப்பது பெரியவர்களுக்கு முடியாது. கோடையில்தான் போக முடியும் என்றால் காலையில் திறந்தவுடன் எலிசபெத் ஃபார்மை முடித்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் விக்ரம் தெருவில் ஏசி இருக்கும் கடையாகப் பார்த்து உட்கார்ந்துவிடுங்கள்.